தணிக்கை மகாசயர்களுக்கு ஒரு விண்ணப்பம்

உலகத்துத் தொழிற்சாலைகளின் தர்மாதர்மங்களை அளந்து, அளந்ததற்குச் சான்றிதழும் அருளிவரும் சமூகப் பொறுப்புத் தணிக்கை ஸ்தாபனத்தின் தலைமைப் பீடத்துக்கு, திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றின் பேக்கிங் பிரிவில் கணக்கெழுதும் அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

சென்ற மாதம் தங்கள் பிரதிநிதி எங்கள் கம்பெனிக்கு எழுந்தருளி, காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை எங்கள் நன்மையையே சிந்தித்து, நடுவில் ஒரு மணி நேரம் முதலாளியுடன் போஜனம் செய்து, புறப்படும்போது எழுதிவைத்துப் போன குறைகளுள் ஒன்றாக என்னையும் சேர்த்திருந்தார் அல்லவா? அந்தக் குறை நிவர்த்தி செய்யப்பட்டுவிட்டது. போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எனக்கு விழிப்புணர்வுப் பயிற்சி தொடங்கி, மூன்று பத்துக்குச் சுபமாக நிறைவேறியது. புகைப்படம் இருக்கிறது.

நித்தமும் எத்தனையோ கம்பெனிகளை ரட்சிக்கும் தங்களுக்கு என் விஷயம் மறந்திருக்கக்கூடும். எங்கள் கம்பெனியில் தொழிலாளர் நலக் குழு என்று ஒன்று உண்டு என்பதும், அதற்குத் தேர்தல் நடந்தது என்பதும், அந்தத் தேர்தலில் நான் ஏகமனதாகத் தலைவனாகத் தெரிந்தெடுக்கப்பட்டேன் என்பதும் தணிக்கைக்கு முதல் நாள் மாலைதான் எனக்கே தெரியவந்தன. ஓட்டுப் போட்டதாக எனக்கோ மற்றவர்களுக்கோ ஞாபகம் இல்லை. ஆனால் மூடியில் துளையிட்ட ஓர் அட்டைப்பெட்டிக்குள் சீட்டுப் போடும் நான்கு கைகளின் புகைப்படம் இருக்கிறது. இந்தப் பதவியின் மகிமையால் தங்கள் பிரதிநிதி என்னைத் தனியறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, இங்கே பேசுவது இந்த நாலு சுவரைத் தாண்டாது என்று அபயமும் கொடுத்து, சாப்பாட்டு அறை சௌகரியமாக இருக்கிறதா என்று விசாரித்தார். “இருக்குதுங்க சார். நேத்து ராத்திரி வரைக்கும் அதுல துணி ரோல்தான் இருந்துச்சு” என்றேன். அந்த ரோல்களை எண்ணி மாடிக்கு ஏற்றிய சீட்டை எழுதினவனே நான். அவர் புன்னகையுடன் குறித்துக்கொண்டார். மாலை ஐந்தரை மணிக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ‘நேத்து ராத்திரி வரைக்கும்’ என்று நான் சொன்னதை, நான் இழுத்த இழுப்பு உட்பட, எனக்கே ஒப்பித்துக் காட்டினார். தங்கள் பிரதிநிதி வாக்குத் தவறினார் என்று நான் சொல்லவில்லை. என் பேச்சு சுவரைத் தாண்டவே இல்லை. கதவு வழியாகத்தான் போயிருக்கிறது.

தங்கள் பிரதிநிதி எழுதிவைத்துப் போன குறைப் பட்டியலில் அந்தச் சாப்பாட்டு அறைக் கிடங்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ‘வசதிகளைக் குறித்துத் தொழிலாளர் தரப்பில் போதிய விழிப்புணர்வு காணப்படவில்லை, பயிற்சி அளித்து முப்பது நாட்களுக்குள் ஆதாரம் அனுப்புக’ என்று மட்டும் இருந்தது. கிடங்கு குறையன்று, கிடங்கைக் கண்டவன்தான் குறை என்னும் இந்தச் சூக்ஷ்மத்தைக் கிரகிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பயிற்சி கொடுக்க வந்தது கம்ப்ளையன்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண், என் மகள் வயது. நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரில் ஏதோ ஒரு படம் விழும்படி இயந்திரத்தைத் திருப்பிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, “தப்பா நெனச்சுக்காதீங்ண்ணா, போட்டோவுக்கு மட்டும் கொஞ்ச நேரம் போர்டப் பாத்து உக்காருங்” என்றது. உட்கார்ந்தேன். ‘சாப்பாட்டு அறையின் இருப்பிடமும் பயன்பாடும் எனக்கு நன்கு விளக்கப்பட்டன’ என்று எழுதியிருந்த தாளில், அந்த அறைக்குள் வந்துபோன ஒவ்வொரு ரோலுக்கும் சீட்டெழுதிய அதே பேனாவால் கையெழுத்தும் போட்டேன். பத்தே நிமிஷத்தில் ஒரு மனிதனை இவ்வளவு சுருக்கமாக அவமதிக்க முடியும் என்பது தங்கள் சாஸ்திரத்தின் வளர்ச்சியைக் காட்டுகிறது.

அன்றிலிருந்து தங்கள் தத்துவம் எனக்கு விளங்கத் தொடங்கியது. புகைப்படம் உள்ளதெல்லாம் உள்ளது. புகைப்படம் இல்லாதது இல்லாதது. குழந்தைகள் காப்பகம் உள்ளது: தொட்டிலும் பொம்மையும் தெரியும் புகைப்படம் இருக்கிறது, பொம்மைகளின் மேல் சுற்றிய பாலித்தீன் இன்னும் பிரிக்கப்படாமல் இருப்பது, அவை எத்துணைச் சுகாதாரமாகப் பேணப்படுகின்றன என்பதற்கு உபரிச் சான்று. முகக்கவசம் உள்ளது: காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்கிக்கொண்டார்கள், மறுநாள் முதல் செக்கிங் மேசைப் பெண்கள் வழக்கம்போலப் பஞ்சுத்தூசியைச் சுவாசித்து இருமுகிறார்கள். இருமலுக்குப் புகைப்படம் கிடையாது. ஆகவே தூசி இல்லை. புகார்ப் பெட்டி உள்ளது. கண்காணிப்புக் கேமராவுக்கு நேர்கீழே அதை மாட்டியிருப்பது, புகார் எழுதுகிறவரின் முகம் நிர்வாகத்துக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்ற கருணையினால்தான். தங்கள் பிரதிநிதி வந்த அன்று பெட்டியைத் திறந்து காட்டினார்கள், உள்ளே ஒன்றுமில்லை. ‘புகார்கள்: 0’ என்று சந்தோஷத்துடன் எழுதிக்கொண்டார்.

ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளையும் அவர் மறக்கவில்லை. அவர்களுடைய பாஷை அவருக்குத் தெரியாததால், தெரிந்த ஒருவரை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டார். அவர்தான் அந்தப் பிள்ளைகளைத் தையல் லைனில் வேலை வாங்கும் சூப்பர்வைசர். பிள்ளை நீளமாக ஏதோ சொல்லும்; சூப்பர்வைசர், “ரொம்ப சந்தோஷமா இருக்கானாம் சார்” என்பார். இவ்வளவு சுருங்கச் சொல்லி விளங்கவைக்கும் மொழிபெயர்ப்பாளர் நம் இலக்கிய உலகில் கிடைப்பது அரிது.

ரிஜிஸ்தர் விஷயத்தைத் தொட எனக்குச் சற்றுக் கூச்சம்தான். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால், காலை எட்டரைக்கு உள்ளே போனவன் இரவு எட்டரைக்கு வெளியே வருவது என்பது பஸ் கண்டக்டருக்கும் தெரியும். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாதென்றும், மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதிவைத்தது. ஐம்பது வருஷம் ஆவதற்குள், 1997-இல், தங்கள் இனத்தார் எஸ்.ஏ. 8000 என்ற சான்றிதழைப் பிரசவித்து, அதே 48 மணி நேரத்தைப் புதிய தத்துவம்போல எங்களுக்கு உபதேசித்தார்கள். உபதேசத்துக்குக் கட்டுப்பட்டு எங்கள் கம்பெனி, தங்களுக்கென்று ஒரு ரிஜிஸ்தரும், சனிக்கிழமைச் சம்பளத்துக்கென்று ஒரு ரிஜிஸ்தருமாக இரண்டு வைத்திருக்கிறது. முதல் ரிஜிஸ்தரில் எல்லோரும் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாவதில் அவர்களே, அதே தினத்தில், எட்டரை வரை தைத்துக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கார் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரின் குறைகள் ஊரறிந்தவை. ஆயினும் அவர் மனம் வைத்தால் வழக்குப் போடலாம், அவர் எழுதுவதைக் கோர்ட்டில் கேட்டு வாங்கலாம். தங்கள் அறிக்கையோ பணம் கட்டியவரின் சொத்து. எங்களைப் பற்றி எழுதியதை எங்களுக்குக் காட்டக்கூடாது என்ற பண்பாடு வேறு. தணிக்கைக் கட்டணத்தை எங்கள் முதலாளியே கட்டுகிறார் என்பதை, இதைப் படிப்பவர்களில் தெரியாதவர் யாரேனும் இருந்தால் அவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

தங்கள் பிரதிநிதி வந்த அன்று பின்பக்கத்து அவசரக் கதவு திறந்திருந்தது, அதன் மேல் பச்சை விளக்கும் எரிந்தது, புகைப்படம் இருக்கிறது. மறுநாள் பூட்டிவிட்டார்கள், பீஸ் திருட்டுப் போகிறதாம். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற கம்பெனிக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கொடுத்தார்கள். செப்டம்பர் 11-ஆம் தேதி அந்தக் கம்பெனி எரிந்தது. தீயை வைத்தது யார் என்பது பிற்பாடு நீதிமன்றம் விசாரித்த விஷயம். ஆனால் ஜன்னல்களில் கம்பியும் கதவுகளில் பூட்டும் இருந்ததால் வெளியேற வழியில்லாமல் 250 பேருக்கு மேல் செத்தார்கள். சான்றிதழுக்காக அதே கட்டடத்துக்குள் நடந்த தங்கள் இனத்தாரின் கண்ணில் அந்தக் கம்பிகள் படவில்லையா? அடுத்த ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டபோது, உள்ளிருந்த கம்பெனிகளிலும் சமூகத் தணிக்கை நடந்திருந்தது. கட்டடத்தின் உறுதி எங்கள் தணிக்கையில் அடங்காது என்று சமாதானம் சொன்னார்கள். மனிதர்கள் நிற்கும் தரை கேள்வித்தாளில் இல்லை என்றால், அந்தக் கேள்வித்தாளை எழுதினவன் எதைப் பார்க்க வந்தான்? செத்துப்போன பெண்களின் தாய்மார்கள் கையிலும் புகைப்படம் இருக்கிறது, ஐயா. அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நின்றார்கள்.

க்ஷமிக்கவேண்டும். விண்ணப்பத்தில் குரல் உயர்வது மரியாதை அல்ல.

தங்கள் கைங்கரியம் கம்பெனி வாசலோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் நான் அறிவேன். செபி 2021-இல் வகுத்த நிலைத்தன்மை அறிக்கை முறைப்படி, பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் வருஷந்தோறும் தங்கள் நன்னடத்தையைக் கட்டம் கட்டமாக எழுதிக் கொடுக்கின்றன. அதன் ஒன்பது கோட்பாடுகளில் முதலாவதிலேயே, எத்தனை பயிற்சிகள் நடந்தன, தொழிலாளரில் நூற்றுக்கு எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் முதலாளியும் ஒரு நாள் அந்த ஆயிரத்துக்குள் நுழைவாரேயானால், என் பத்து நிமிஷமும் அங்கே ஓர் எண்ணாகப் போய் உட்காரும். அதைப் பார்த்து மும்பையில் ஒரு முதலீட்டாளர் மனம் குளிர்வார். எண் தப்பில்லை, கூட்டலும் சரியாகவே இருக்கும். அளக்க எளிதானதை அளந்துவிட்டு, அளந்ததே தர்மம் என்று சொல்வதுதான் இதில் உள்ள சௌகரியம்.

சாயத்தண்ணீர் கதையும் திருப்பூருக்கு மறக்கவில்லை. நொய்யலில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத கழிவுத் தேக்கமாகி, ஆயக்கட்டு விவசாயிகள் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லியது. அந்த வருஷங்களிலும் இந்த ஊரில் சான்றிதழுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆற்றைத் தணிக்கை செய்தவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போன குடியானவர்கள். அவர்களிடம் கேள்வித்தாள் இல்லை, கட்டணம் கொடுக்கவும் ஆள் இல்லை.

எல்லாப் பழியும் தங்கள் தலையில் என்று சொல்லும் அளவுக்கு நான் நன்றிகெட்டவன் அல்ல. பீஸுக்குச் சில சென்ட் குறை என்று மாதக்கணக்கில் பேரம் பேசி, ஆர்டரைத் தாமதமாகக் கொடுத்து, ஷிப்மெண்ட் தேதியை மட்டும் ஒரு நாளும் நகர்த்தாமல், அதே கடிதத்தோடு ‘மிகைநேர வேலை கூடாது’ என்ற நன்னெறிக் கோவையையும் இணைத்து அனுப்பும் பையர் என்ற மகான் ஒருவர் இருக்கிறார். சம்பந்தி வீட்டார் பெண் பார்க்க வருகிற மாதிரி அவர் சார்பில் எங்கள் வீட்டைத் துருவிப் பார்க்கிறீர்களே, அவருடைய கொள்முதல் பிரிவுக்குள் என்றாவது நுழைந்து, இந்த விலைக்கு இத்தனை நாளில் இவ்வளவு பீஸ் தைக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குக் கேட்டதுண்டா? அந்த அறையின் புகைப்படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே தங்கள் சமூகத்தில் அடியேனின் பிரார்த்தனை இவ்வளவுதான். அடுத்த தணிக்கைக்கு நாள் குறித்துச் சொல்லி அனுப்பாதீர்கள். ஷிப்மெண்டுக்கு முந்தின இரவு, எட்டு மணிக்கு மேல், கேட்டில் வந்து நில்லுங்கள். ஒடியா தெரிந்த ஒருவரை உங்கள் செலவில் கூட்டிவாருங்கள். பின்பக்கத்துக் கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். பேசவேண்டுமென்றால் தனியறை வேண்டாம்; எட்டரைக்கு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கிறவர்களோடு நின்று பேசுங்கள், மேனேஜர் அங்கே வருவதில்லை. எழுதி முடித்த அறிக்கையின் ஒரு பிரதியைத் தமிழிலும் ஒடியாவிலும் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். நாங்களே படித்து, எது மெய் எது பொய் என்று ஓரத்தில் குறித்து அனுப்புகிறோம். அதற்குக் கட்டணம் வாங்கமாட்டோம்.

இங்ஙனம்,
பேக்கிங் பிரிவுக் கணக்கன்,
திருப்பூர்.