சி கிளாஸ் ஹேண்டில்பார்

நாமக்கல்லுக்கு வருகிற லாரி, லாரியாக வருவதில்லை. கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வரும். இஞ்சின் இருக்கும், சக்கரம் இருக்கும், ஸ்டியரிங் இருக்கும், கேபின் இருக்காது. டிரைவர் ஒரு பலகைமேல் உட்கார்ந்து, தலைக்கு உருமால் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, வெயிலையும் மழையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டிவருவார். இங்கே வந்த பிறகுதான் அதற்குக் கேபின், பாடி, பெயின்ட், முன்னால் தொங்குகிற எலுமிச்சம்பழம் எல்லாம். திருச்செங்கோட்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. லாரி முதுகில் போர் போடும் ரிக்கையே ஏற்றி, இந்தியா முழுக்க அனுப்பிவிடுவார்கள். வடக்கே எங்கேயோ பாறையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் டிஎன் 34 என்று எழுதியிருந்தால் ஆச்சரியமில்லை.

இந்தச் சீமையில் குடியிருந்துகொண்டு, சைக்கிளுக்கு ஒரு ஹேண்டில்பார் செய்து தர ஆள் கிடைக்காமல் போவாரா? கிடைத்தார். வினையே அதுதான்.

பையன் காலேஜுக்குப் போகும்போது விட்டுப்போன கியர் சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. கழுத்துவலிக்குப் போன இடத்தில் டாக்டர், "சைக்கிள் ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். கழுத்திலிருந்த வலி முதுகுக்கும் இறங்கியது. அந்தச் சைக்கிளின் ஹேண்டில் ஒரே நேர்கோடு, அதுவும் சீட்டைவிடத் தாழ்வு. பிடிக்க வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தால் ரோடு தெரியாது. ரோடு தெரிய வேண்டுமானால் கழுத்தைப் பின்பக்கமாக மடிக்க வேண்டும். இருபது வயதுக் கழுத்துக்கு இது விளையாட்டு.

எங்கள் அப்பா வைத்திருந்த ஹெர்குலிஸ் வேறு ஜாதி. 1949-ல் தொடங்கி அம்பத்தூரில் வளர்ந்த டிஐ சைக்கிள்ஸ்காரர்களின் வண்டி. ஹேண்டில் இரண்டு பக்கமும் பின்னோக்கி வளைந்து, தானாகக் கைக்கு வந்து சேரும். ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டிக்கு முறுக்கு வாங்கப் போகும்போது அப்பா முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. எதிரில் வருகிறவர்களுக்கு ஒரு கையால் வணக்கம் வேறு.

அந்த ஹேண்டிலையே கழற்றி இதில் மாட்டினால் என்ன? சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன், சிரித்தார். பழைய வண்டியில் பிரேக் ஒயர் கிடையாது, கம்பி பிரேக். பிரேக் பிடியே ஹேண்டிலோடு சேர்ந்துதான் இருக்கும். அழுத்தினால் கம்பி மேலே இழுபட்டு, ரிம்மின் உள்பக்கத்தில் கட்டை போய்ப் பிடிக்கும். போதாக்குறைக்கு, ஹேண்டிலும் அதைத் தாங்கிக் கீழே இறங்கும் தண்டும் பல வண்டிகளில் ஒரே உருப்படி. அதை மட்டும் தனியாகக் கேட்பது, அடுத்தவர் வீட்டு மாடிப்படியை மட்டும் விலைபேசுகிற மாதிரி.

"கடையில இது கிடைக்காதுங்க சார். பட்டறையில குடுத்து வளைச்சுக்குங்க" என்றார்.

நாமக்கல் ரோட்டில் லாரிக்குச் சைலன்சர் பைப் வளைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். லேத்து, வெல்டிங் எல்லாம் ஒரே கூரையடியில். விஷயத்தைச் சொன்னேன்.

"சைக்கிளுக்குங்களா?"

"ஆமாங்கண்ணா."

"சைக்கிளுக்கேவா?"

நான் அளவெல்லாம் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். சைக்கிள் ஹேண்டில் கை பிடிக்கிற இடத்தில் 22.2 மில்லிமீட்டர், அதாவது முக்காலே அரைக்கால் இஞ்சு. நடுவே கிளாம்பு பிடிக்கிற இடத்தில் 25.4, சரியாக ஒரு இஞ்சு. பைப் கடையில் இந்த இரண்டும் கிடைக்காது. அரை இஞ்சு ஜிஐ பைப் என்று விற்கிறார்களே, அதன் வெளிவிட்டம் 21.3 மில்லி. சரி, உள்விட்டமாவது அரை இஞ்சா என்றால் அதுவும் இல்லை, கூட இருக்கிறது. அடுத்தது முக்கால் இஞ்சு. அதன் வெளிவிட்டம் 26.9. ஒன்று கிளாம்புக்குள் ஆடும், இன்னொன்று நுழையவே நுழையாது. ஆகவே அரை இஞ்சை எடுத்துக்கொண்டு, நடுவில் இரண்டு மில்லி கனத்துக்கு ஒரு புஷ் கடைந்து ஏற்ற வேண்டும். கைப்பிடி ரப்பர் சுற்றாமல் இருக்க, அடியில் பழைய டியூபை வெட்டிச் சுற்ற வேண்டும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து போட்ட கணக்கு.

அண்ணன் சீட்டை வாங்கினார், படிக்காமல் சட்டைப்பையில் வைத்தார்.

"பைப்பு பி கிளாஸ் போதுங்களா அண்ணா?" என்றேன். ஜிஐ பைப்பில் ஏ, பி, சி என்று மூன்று தரம். மஞ்சள் பட்டை போட்டது ஏ, மெல்லிசு. நீலம் பி, நடுத்தரம். சிவப்பு சி, தடித்தது.

"பி கிளாஸா? நாளைக்கு ஒடைஞ்சா எம்பேருதானுங்க கெடும். சி போட்டுடறேன்."

"ஏறி ஓட்டப்போறது நான் ஒருத்தன்தானுங்களே?"

"இன்னைக்கு ஒருத்தர். நாளைக்கு?"

இதற்குமேல் என்ன பேசுவது? பத்து டன் என்று எழுதிய வண்டியில் எவ்வளவு ஏறும் என்று அனுபவத்தில் பார்த்தவர்கள் இவர்கள். எதைச் செய்தாலும் அதற்கு மேல் பாரம் ஏற்ற ஒருவன் வருவான் என்று மனசில் வைத்துத்தான் செய்வார்கள்.

பைப் வளைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சும்மா வளைத்தால் வளைவின் உள்பக்கம் மடிந்து நசுங்கிவிடும். அதனால் ஒரு முனையை அடைத்து, மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்து, சூடேற்றி வளைக்கிறார்கள். மணல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் உள்ளே ஆவி கட்டி, அடைப்பு தெறித்து எதிரில் நிற்பவரைத் தேடிவரும். ஆற்றுமணல் என்று சத்தமாகச் சொன்னாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிற காலம் இது. அண்ணன் பெயின்ட் டப்பா ஒன்றைப் பெட்டகம்போல உள்ளேயிருந்து எடுத்துவந்தார். "மோகனூர் மணலுங்க. அந்தக் காலத்துது" என்றார். வேலை முடிந்ததும் பைப்பிலிருந்து கொட்டி, ஒரு பொட்டு சிந்தாமல் திரும்ப டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

சூடு காட்டுவதற்கு முன்னால் பைப்பின் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சை அரம் போட்டு எடுக்கவும் வேண்டும். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வெல்டிங்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த காய்ச்சல்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தபோது எனக்கு மனசுக்குள் துணைக்கு வந்தவர் கிரேம் ஓப்ரி. ஸ்காட்லாந்துக்காரர். சைக்கிள் கடை வைத்து நொடித்தவர். தன் கையாலேயே ஒரு சைக்கிள் செய்து, அதில் வாஷிங் மெஷின் பேரிங்கைப் போட்டு ஓட்டினார். ஹேண்டிலை நெஞ்சுக்கடியில் கொண்டுவந்து, கை இரண்டையும் மடக்கி மார்போடு ஒட்டவைத்துக்கொள்வார். எதிர்காற்றுக்கு உடம்பை ஒளிக்கிற வித்தை. 1993 ஜூலையில் நார்வேயிலுள்ள ஹாமர் நகரத்துக்குப் போய், ஒரு மணி நேரத்தில் உலகத்திலேயே அதிக தூரம் ஓட்டியவன் என்ற பெயரை எடுக்கப் பார்த்தார். முதல் நாள், அவர் வண்டியைப் பார்த்து முறைப்படி செய்த நகல் சைக்கிளில் ஏறினார், தோற்றார். அன்று ராத்திரி வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். ஒன்றுக்கு வரும்போதெல்லாம் எழுந்து காலை நீட்டி மடக்கிக்கொள்ளலாமே, தசை இறுகாதே என்று யோசனை. மறுநாள் சொந்தச் சைக்கிளில் ஏறி 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். 1984-லிருந்து நின்ற பிரான்செஸ்கோ மோசரின் சாதனை காலி. ஆறே நாளில் கிறிஸ் போர்டுமன் வந்து ஓப்ரியின் சாதனையையும் காலி செய்தார் என்பது வேறு விஷயம். 1994-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் அப்படிக் கை வைப்பதையே தடை செய்துவிட்டது. சர்க்கார் ஆபீஸ் எந்த நாட்டிலிருந்தாலும் ஆபீஸ்தான்.

ஓப்ரிக்குக் கவலை எல்லாம் காற்றைப் பற்றி. அவர் மட்டும் நாமக்கல் ரோட்டுக்கு வந்திருந்தால், பேரிங்கை ரிக் வண்டியிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார்கள்.

ஹேண்டில் தயாரானது. வளைவு என்னவோ அப்பா வண்டியில் பார்த்த அதே வளைவு. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நடுவில் இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு பற்றவைத்திருந்தது.

"கழுத்துக்கிட்ட வீக்காத் தெரிஞ்சுதுங்க. ஒரு சப்போர்ட் குடுத்துட்டேன்."

இரண்டு பக்கமும் தடித்த கம்பியில் கொக்கி.

"கொக்கி நான் கேக்கலீங்களே அண்ணா?"

"பை மாட்ட வேண்டாமுங்களா?"

செல்போன் வைக்க ஒரு சின்னத் தாங்கி கேட்டிருந்தேன். இரும்பு ஆங்கிளில், ஜன்னல் கிரில் அளவுக்கு வந்திருந்தது. கடையில் கிடைக்கும் அலுமினிய ஹேண்டில் முந்நூறு கிராம் சுமாருக்கு இருக்கும். சி கிளாஸ் அரை இஞ்சு, வெறும் பைப்பே மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவை நெருங்குகிறது. மேலே இருந்த அலங்காரங்களை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

பக்கத்துக் கொட்டகையில் லாரிக்குப் பெயின்ட் எழுதுகிற தம்பி, "சும்மா விட்டா துரு புடிக்குமுங்க சார்" என்று வாங்கிக்கொண்டு போனான். மஞ்சளும் சிவப்புமாகத் திரும்பி வந்தது. செல்போன் தாங்கியில் 'நாமக்கல் ஆஞ்சநேயர் துணை'. பதினெட்டு அடி ஆஞ்சநேயர். கூரைக்குள் அடங்காமல் வெட்டவெளியில் நிற்கிறவர். அவரை இரண்டு விரல் அகலத் தகட்டில் அடக்கிவிட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். குறுக்குக் கம்பியில் 'இடைவெளி விட்டு வரவும்' என்றும் எழுதியிருந்தான், என்னைப் பார்த்தபடி. ஹேண்டிலில் எழுதியதைப் படிக்கப்போவது நான் ஒருத்தன். நான் என்னிடமிருந்து எப்படி இடைவெளி விடுவது?

மாட்டும்போது பிரேக் ஒயர் எட்டவில்லை. ஹேண்டில் உயர்ந்தால் ஒயரும் நீள வேண்டும். சைக்கிள் கடைக்காரர் மொபெட் ஒயரின் குமிழை அரத்தால் தேய்த்து உட்கார வைத்தார். அண்ணனும் புத்தி சொல்லி அனுப்பினார்: இரும்பு வளைந்து காட்டிவிட்டுத்தான் உடையும், அலுமினியம் சொல்லாமல் உடையும், இருந்தாலும் கிளாம்பு ஓரத்தையும் பற்றவைத்த இடத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பூசினால், விரிசல் இருக்கும் இடம் கோடாகத் தெரிந்துவிடும். கூலி கேட்டதற்கு, "சைக்கிளுக்கு என்னத்த வாங்கறது, டீ சொல்லுங்க" என்றார். பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது டீ வந்தபோதுதான் தெரிந்தது.

ஓட்டிப் பார்த்தேன். கழுத்துவலி போய்விட்டது, இது சத்தியம். ஸ்டாண்டு போட்டால் மட்டும் வண்டி தலையைத் தொங்கப்போட்டு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்.

"ஏனுங்க, இதுக்கு டீசல் போடோணுமுங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

நிமிர்ந்து ஓட்ட ஆரம்பித்த பிறகு மற்றவர்களின் ஹேண்டில்கள் கண்ணில் பட்டன. பாதித் தொழில் அதில்தான் நடக்கிறது. நாட்டுக்கோழி வியாபாரியின் ஹேண்டிலில் கோழிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உலகத்தைப் பார்த்துக்கொண்டு போகின்றன. டீக்காரர் கேனுக்கென்று வளையம் பற்றவைத்திருக்கிறார், டம்ளருக்கு வேறு கம்பிக்கூடை. சாணை பிடிக்கிறவர் ஸ்டாண்டு போட்டு பெடலை மிதித்தால் முன்னால் கல் சுற்றி, கத்தியில் பொறி பறக்கிறது. 2003-ல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்யும் வரைக்கும், ஹேண்டிலில் அட்டை கட்டி, சீட்டு மாட்டி, குழாய் ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டு லட்சாதிபதிகளைத் தேடி அலைந்தவர்கள் எத்தனை பேர். யாரும் இதற்கெல்லாம் படம் போட்டு, அளவு எழுதிச் சீட்டு கொண்டுபோனதாகத் தெரியவில்லை.

ஒருநாள் விடிகாலையில், சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிற பெரியவர் பக்கத்தில் வந்து நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கொக்கியைப் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனிங்க சார்?"

"நம்ம நாமக்கல் ரோட்டுலதானுங்க அடிச்சது."

கேட்காமலேயே தன் கேனில் ஒன்றைக் கழற்றி என் கொக்கியில் மாட்டினார். ஆட்டிப் பார்த்தார். "அட, தாங்குதுங்களே!" பாரம் ஒரு பக்கமாக இழுக்கிறதே என்று இன்னொரு கேனையும் மறுபக்கம் மாட்டினார். "எங்க வண்டி ஹேண்டிலு ஆடுதுங்க. சொசைட்டி வரைக்கும் மெல்ல வந்துடறீங்களா?"

போனேன். ஹேண்டில் இம்மி அசையவில்லை. சொசைட்டியில் வரிசையில் நின்றேன். நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புதுப்பக்கம் ஒன்றைத் திருப்பினார்.

"புது மெம்பருங்களா? மாடு எத்தனைங்க?"