வேலிக்கம்பி மெய்ப்பாட்டியல்

மெய்ப்பாடுகள் எட்டு என்றார் தொல்காப்பியர். அந்த எட்டும் முக்கால் விநாடிக்குள் ஒரே முகத்தில் வந்து போகுமா என்பதே நம் ஆய்வுப் பொருள். கிட்டத்தட்டப் போகும். களம், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் பேஸ்பால் மைதானம். முகம், கம்பி வேலிக்கு இப்பால் மடக்கு நாற்காலியில் அமர்ந்திருக்கும், ஒன்பது வயதுப் பிள்ளையைப் பெற்ற தகப்பனுடையது.

முதலில் வரலாறு. சிறுவர்களுக்கான லிட்டில் லீக் 1939-இல் பென்சில்வேனியா மாநிலம் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. முதல் ஆட்டத்தில் ஒரு மரக்கடை அணி, ஒரு பால்பண்ணை அணியை 23–8 என்று வென்றது. வீடு திரும்பும் வழியில் பால்பண்ணைப் பெற்றோர் நடுவரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் மௌனம் சாதிப்பது பெருங்குறை.

இனி இயற்பியல். பந்தெறியும் மேட்டிலிருந்து, மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 46 அடி. மணிக்கு 45 மைல் வேகப் பந்துக்கு அது முக்கால் விநாடிப் பயணம்கூட இல்லை. எதிரணிச் சிறுவன் கையைச் சுழற்றும்போது தகப்பனுக்கு அச்சம். பந்து தோளுயரத்தில் வருவதைக் கண்டு மருட்கை. ஆயினும் பிள்ளை மட்டையை ஓங்கிவிட்டான், பெருமிதம். மட்டைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு பூசணிக்காய் போகுமளவு இடைவெளி, இளிவரல். நடுவர் ‘ஸ்ட்ரைக்’ என்றதும் வெகுளி. வீசித் தவறவிட்டால் பந்து எந்த உயரத்தில் போனாலும் ஸ்ட்ரைக்தான் என்பது விதி. விதி தெரிந்திருப்பது வெகுளிக்குத் தடையன்று. நகை பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சேரும். அழுகை பிள்ளைக்கு உரியது என்பாரும் உளர். கறுப்புக் கண்ணாடி அணிந்த தகப்பன்மார் அதை மறுக்கட்டும் பார்ப்போம்.

எஞ்சியது உவகை. அது பிள்ளை ஒன்றும் செய்யாதபோது வருகிறது. நான்கு மோசமான பந்துகளைத் தொடாமல் விட்டால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். வீட்டில் சும்மா நின்றால் வசவு வாங்குகிற பிள்ளைக்கு இங்கே அதற்கே கைதட்டல்.

தமிழ்நாட்டிலிருந்து நியூ ஜெர்சிக்கோ டெக்சாஸுக்கோ குடிபோன தகப்பன் தனி வகை. அவருடையது சேப்பாக்கத்துக் கண். மட்டை விளிம்பில் உரசிப் பந்து பின்னால் பறந்தால், “அப்படிப் போடு, லேட் கட்!” என்று துள்ளி எழுகிறார். வேறு யாரும் எழவில்லை. அது ஃபவுல், ஸ்ட்ரைக் கணக்கில் ஏறியாயிற்று. அடுத்த பந்தை அடித்த மகன் மட்டையைக் கீழே போடாமல் தூக்கிக்கொண்டே ஓடி முதல் பேஸில் அதை ஊன்றும்போது, வீட்டுப் புழக்கடையில் நடந்த பயிற்சி என்னவென்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

அணியிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆட வாய்ப்புத் தர வேண்டும் என்பது லிட்டில் லீக்கின் கட்டாய விதி. அந்த விதியின் அடைக்கலத் தலம் மைதானத்தின் வலப்புறக் கோடியான ரைட் ஃபீல்ட். மட்டை பிடிப்பவர்களில் பெரும்பாலோர் வலக்கையர் என்பதால் பந்து அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளை கையுறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எறும்பு பார்க்கிறான். “ரெடி பொசிஷன்! முட்டியை மடக்கு!” என்று வேலிக்கு வெளியே அம்மா முட்டியை மடக்கிக் காட்டுகிறார். அந்த மைதானத்தில் அக்கணம் பிழையில்லாமல் தயார்நிலையில் இருப்பவர் அவர் ஒருவரே.

பிள்ளை பந்தெறிபவனாகிவிட்டாலோ நாற்காலி வீண். உட்காரும் பெற்றோரை நாம் கண்டதில்லை. தோள் கெடாமலிருக்க, 9, 10 வயதினர் ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. பெற்றோர் தொண்டைக்கு இவ்வகை வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. ஆகவே எறிந்த மகன் வீட்டில் ஓய்வெடுக்க, கத்திய தகப்பன் மறுநாளே இளையவன் ஆட்டத்துக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்.