32 யாரு சொன்ன கணக்குடே?

ஸோஹோக்காரங்க 2011ல மத்தளம்பாறைக்கு வந்தாலும் வந்தாங்க, டீக்கடை பெஞ்சுல மழை, நெல்லுங்கிற பேச்சு போயி டாஸ்க், சேனல்னு ஆகிப்போச்சு. நாங்களும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கோம். வீட்டுல இருந்தே எந்த ஊரு கம்பெனிக்கோ ரஸ்ட் எழுதுத பேராண்டி, உன் ப்ரோக்ராம் ராத்திரி மெமரி பத்தாம செத்துப்போச்சாமே. கேளுடே.

ஒரு டாஸ்க் இன்னொன்னுக்குச் சேதி அனுப்ப அன்பவுண்டட் சேனலப் போட்டிருக்க. அனுப்புத இடத்துல அவெய்ட் எழுதச் சோம்பல், வேறென்ன? வாங்குதவன் டேட்டாபேஸ்ல மெதுவா எழுதிக்கிட்டிருக்கான், அனுப்புதவன் கொட்டிக்கிட்டே இருக்கான். அம்புட்டும் மெமரியிலதானலே குவியும்? அது என்ன, தாத்தன் சொத்தா?

குத்தாலத்துப் பேரருவியில குளிச்சிருக்கேல்லா. மேல இருந்து வார தண்ணி நேரா தலையில விழுந்தா மண்டை மிஞ்சாது. நடுவுல பொங்குமாங்கடல்ல விழுந்து, வேகம் அடங்கித்தான் வழியுது. பவுண்டட் சேனல் அதுக்கும் ஒரு படி மேல. வெள்ளம் வந்தா பொங்குமாங்கடல் மலையப் பாத்து ‘பொறு’ன்னு சொல்லாது, போலீஸ்காரர் விசிலடிச்சு நம்மளத்தான் விரட்டுவாரு. சேனல் நெறஞ்சா அனுப்புதவனையே நிறுத்திவைக்கும். திரெட்டு சும்மா நிக்காது. அவன் அவெய்ட்டுல ஒதுங்குத நேரம் டோக்கியோ ரன்டைம் வேற டாஸ்க்க ஓட்டும்.

இதச் சொன்னதும் ஓடிப்போயி சேனலுக்கு அளவு 32ன்னு போட்டுட்ட. ஏன் 32? டோக்கியோ பாடத்துல அப்படித்தான் இருக்காம். மகராசன்! ஒரு சேதி எத்தனை கேபி, எத்தனை தேங்கினா மெமரி தாங்கும், எம்புட்டு லேட்டானா கஸ்டமர் வைவான்னு பாத்தியா?

இன்னொரு கூத்து. ஏ டாஸ்க் பி-க்கு அனுப்புது, பி பதில இன்னொரு பவுண்டட் சேனல்ல ஏ-க்கே அனுப்புது. ரெண்டும் நெறஞ்சா, இடம் காலியாவட்டும்னு ரெண்டு பேரும் காத்தே கெடப்பான். எர்ரர் வராது, லாக்ல ஒரு வரி வராது. நீ நெட்டு போச்சுன்னு மோடத்த ஆட்டிக்கிட்டிருப்ப. பதிலுக்குத்தான் ஒன்ஷாட் இருக்குல்லா? அத சேதியோடயே சேத்து அனுப்பு. அதுல பதிலப் போட யாரும் காத்துக்கெடக்க வேண்டாம்.

வேலை முடிஞ்சும் ப்ரோக்ராம் முடியமாட்டேங்குன்னு மூஞ்சியத் தூக்காத. டாஸ்க்குக்கு ஒண்ணா, சேதி அனுப்புத டிஎக்ஸ குளோன் பண்ணிக் குடுத்துட்டு, ஒரிஜினல மெயின்லயே வச்சிருக்க. கடைசி டிஎக்ஸும் போனாத்தான் ரிசீவருக்கு நன் கெடைக்கும். அந்த ஒரிஜினல டிராப் பண்ணிட்டு வண்டிய எடு, பார்டர் கடைக்குப் போவோம். புரோட்டாவுக்குக் காசு உன்னுது. எனக்குக் கன்சல்டிங் பீஸ் வேணும்லா?