கண்மாய்க்குள் ஒரு வேட்டைக்காரன்

கே: பூச்சி தின்னும் செடியைப் பார்க்க மேகாலயாவுக்குத்தான் போக வேண்டுமா?
(ராஜபாளையம் வாசகர்)

ப: குடுவை தொங்கும் நெப்பந்தஸ் காசியானாவைத் தேடினால் போகத்தான் வேண்டும். ட்ரோசீரா, யூட்ரிகுலேரியா போதுமென்றால் தமிழ்நாட்டை விட்டு நகர வேண்டாம். ட்ரோசீரா நம் அழுகண்ணி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், ஈரம் காயாத சரளை மண்ணில் நாணய அளவுக்குத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். யூட்ரிகுலேரியா, இரை பிடிக்கும் சின்னச் சின்னப் பைகளோடு தேங்கிய நீரில் பாசி போல மிதக்கும். சின்ன மஞ்சள் பூ தலைநீட்டினால்தான் செடி என்றே தெரியும்.

கே: ஈயைத் தின்றால் வெயில் வேண்டாமா அதற்கு?

ப: வெயில் இல்லாவிட்டால் செத்துப்போகும். மாவுச்சத்தை மற்ற செடிகள் மாதிரி அதுவேதான் தயாரிக்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைந்த ஏழை மண்ணில் வாழ்வதால் அவற்றைப் பூச்சியிடம் எடுத்துக்கொள்கிறது. பூச்சி அதற்குச் சோறு அல்ல, உரம்.

கே: பள்ளியில் ஃபோல்ட்ஸ்கோப் கொடுத்தார்கள். காகிதத்தை நம்பலாமா?
(ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவர்)

ப: தாராளமாக நம்பலாம், தம்பி. மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷ், ஸ்டான்ஃபோர்டில் தன் குழுவோடு உருவாக்கி 2014இல் ஆய்விதழில் வெளியிட்ட காகித நுண்ணோக்கி அது. 140 மடங்கு பெரிதாக்கும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்கே போகலாம். செடியைப் பிடுங்கி ஆய்வகத்துக்குத் தூக்கி வரத் தேவையில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். வெளிச்சத்துக்கு வானத்தைப் பார்த்துப் பிடி. சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் பிடிக்காதே.

கே: யூட்ரிகுலேரியாவை ஸ்லைடில் வைத்தேன். பை முழுக்கக் கன்னங்கரேல் என்று ஒரு வட்டம். அதுதான் மாட்டிய பூச்சியா?
(அதே மாணவர்)

ப: இல்லை, காற்றுக் குமிழி. செடியைத் தண்ணீரிலிருந்து சட்டென்று தூக்கியிருப்பாய். அந்தப் பை எப்போதும் உள்ளே இருக்கும் நீரை வெளியே இறைத்து, சுவர் ஒட்டிப்போய்க் காத்திருக்கும். வாசலில் உள்ள மயிரை ஏதாவது தொட்டால் கதவு உள்பக்கம் மடங்கும், நீரும் இரையும் ஒன்றாக உறிஞ்சப்படும். காற்றில் தூக்கும்போது அசைவில் கதவு திறந்து, நீருக்குப் பதில் காற்றை விழுங்கிவிடும். அடுத்த முறை, நீருக்குள்ளேயே சிறு கத்தரியால் ஒரே ஒரு இலைத்துண்டை வெட்டி, ஒரு துளி நீரோடு ஸ்லைடுக்கு மாற்று. முழுப் பையையும் பார்க்க 10 மடங்கு கைலென்ஸே நல்லது. 140 மடங்கில் பெரிய பை கண்ணுக்குள் அடங்காது. ஃபோல்ட்ஸ்கோப்பை வாசலுக்கும் உட்சுவருக்கும் வைத்துக்கொள். உட்சுவரில் நாலு கை விரித்த நுண்சுரப்பிகள் வரிசையாகத் தெரியும். இரையைக் கரைத்து உறிஞ்சும் வேலையில் அவற்றுக்குப் பங்கு உண்டு. சில பைகளில் நீர்த்தெள்ளின் வெறும் ஓடு கிடக்கும். சிலவற்றில் பாசிகள் உயிரோடு குடித்தனம் நடத்தும்.

கே: அது இரையைப் பிடிக்கும்போது செல்போனில் ஸ்லோமோஷனில் எடுக்கலாமா?

ப: கிடைக்காது. ஓரிரு மில்லிநொடி வேலை அது. நொடிக்கு 240 படம் எடுத்தாலும் இரண்டு படங்களுக்கு நடுவிலேயே முடிந்துவிடும். டார்வினுக்கே இது பிடிபடவில்லை; 1875இல் எழுதிய பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலில், இரை தானாகத் தலையால் முட்டி உள்ளே நுழைகிறது என்றுதான் நினைத்தார்.

கே: அழுகண்ணியில் என்ன பார்ப்பது?

ப: இலை தடிமன், வெளிச்சம் ஊடுருவாது. விளிம்பில் நீட்டியிருக்கும் ஒரு காம்பை மட்டும் பாருங்கள். நுனியில் சிவந்த தலை, அதைச் சுற்றித் தெளிந்த பசைத்துளி, காம்புக்குள் சுருள் கம்பி போல ஓடும் நீர்க்குழாய். டார்வின் வைத்த மயிர்த்துண்டு 0.001 மில்லிகிராம்கூட இல்லை, அதற்கே காம்பு வளைந்தது. மழைத்துளிக்கு அசையவில்லை! நம்மூர் ட்ரோசீரா பர்மானியின் ஓரக்காம்புகள் சில நொடிகளில் மடங்கிவிடும். இமைக்காமல் பாருங்கள்.

கே: செண்பகத்தோப்புப் பக்கம் கண்ணில் பட்டால் ஒன்று எடுத்து வரலாமா?

ப: கூடாது. 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமான அந்தக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் அங்கே இலை கிள்ளினாலும் குற்றம். அதோடு, வீட்டுத் தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு தாங்காமல் அது செத்துவிடும்.

கே: வீனஸ் ஃபிளைட்ராப்?

ப: அமெரிக்காவின் கரோலினாக்காரர். நம் காட்டில் இல்லை.

கே: யூட்ரிகுலேரியா வளர்த்தால் டெங்குக் கொசு ஒழியுமா?

ப: சின்னக் கொசுப்புழுவைப் பிடிக்கும். ஆனால் அது இருப்பது கண்மாயில். டெங்குக் கொசு முட்டையிடுவது உங்கள் மொட்டைமாடி டயரில். டயரில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, மழை படாத இடத்தில் வையுங்கள்.

கே: இனம் பிரித்து அறிய நூல் உண்டா?

ப: ஜனார்த்தனமும் ஹென்றியும் இந்திய யூட்ரிகுலேரியாக்கள் பற்றி எழுதி, இந்தியத் தாவரவியல் அளவாய்வகம் 1992இல் வெளியிட்ட ஆங்கில நூல் இருக்கிறது. 2000இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடைத்த ஓர் இனத்துக்கு யூட்ரிகுலேரியா ஜனார்த்தனமியை என்று அவர் பெயரையே வைத்தார்கள். கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.