பெரட்டு மாமா

ஜோகூரில் ஸ்கூடாய், மாசாய், கூலாய் என்று எந்தத் தாமானுக்குப் போனாலும் ஒரு பெரட்டு மாமா இருப்பார். ரெங்கம் பக்கம் ஏதோ ஓர் எஸ்டேட்டில் மண்டோராக இருந்தவர். விடியுமுன் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்த குரல், இப்போது மகன் வீட்டு சோபாவில் சும்மா கிடக்கிறது. மகன் இருட்டோடு மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறான். பேரன் காதில் எதையோ மாட்டியிருக்கிறான். மாமியிடம் அதிகாரம் செய்யும் வழக்கம் அந்த வீட்டில் என்றுமே இருந்ததில்லை.

இந்த நிலையில்தான் மகன் ஓர் அலெக்சாவை வாங்கி வந்தான்.

அதற்குத் தமிழும் வராது, மலாயும் வராது. அதனாலென்ன, துரையிடம் பேசிய இங்கிலீஷ் மாமாவிடம் மிச்சம் இருக்கிறது. "அலெக்சா! ஃபேன் ஓப்பன் லா!" நீல விளக்கு எரியும், பிறகு அது மன்னிப்புக் கேட்கும். எஸ்டேட்டில் ஒருத்தரும் அவரிடம் கேட்காத மன்னிப்பு! அதற்காகவே தப்பாக உத்தரவு போடுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆசிரியை மருமகளுக்காக மாமா அதில் ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து மணி அலாரம் வைத்திருந்தார். 2014 முதல் வெள்ளி, சனி விடுமுறை விட்ட ஜோகூர், 2025 ஜனவரி 1 முதல் மறுபடி சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. அலெக்சாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. ஞாயிறு விடியலில் வீட்டையே எழுப்பிவிட்டு, வெள்ளியன்று வாய் திறக்காமல் இருந்தது.

"லீவு நாள்லகூட வேலைக்கு வந்திருக்கு பாரு," என்றார் மாமா.

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"எம்.சி. போட்டிருக்கும்."

மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. "விடிஞ்சா எழுந்தா எவளோ ஒருத்தி பேரையே ஏலம் போடுறீங்களே, என் பேரு ஞாபகம் இருக்கா?"

அலெக்சாவின் பெயரை மாற்றலாம் என்றால், நமக்குப் பிடித்த பெயரையெல்லாம் அதற்கு வைத்துவிட முடியாது. அமேசான் கொடுத்திருக்கும் சில பெயர்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். பேரன் 'கம்ப்யூட்டர்' என்று மாற்றிக் கொடுத்தான்.

வம்பு அங்கேதான். பேரன் படிப்பது ஸ்கூடாய் யூடிஎம்மில், கம்ப்யூட்டர் சயன்ஸ். வருகிறவர்களிடம் மாமா சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே பெருமையும் அதுதான். "என் பேரன் கம்ப்யூட்டர்..." என்று ஆரம்பித்ததும் மூலையில் நீல விளக்கு எரிகிறது, 'சயன்ஸ்' என்று முடித்தால் அது விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது மாமா உஷாராகிவிட்டார். "பேரன் மெஷின் படிக்கிறான்ணே."

"மெக்கானிக்கா? நல்லதாப் போச்சு. என் மோட்டார் ரெண்டு நாளா ஸ்டார்ட் ஆகல, சாயங்காலம் அனுப்பி வைங்க."