மண்சாடியும் பூநகரி வெயிலும்

கேள்வி: எங்கள் முற்றத்தில் காலை முதல் மாலை வரை வெயில்தான். மண்சாடிகளில் எந்தப் பூமரங்களை வைத்தால் நிலைக்கும்?
வாசகி, பூநகரி

பதில்: சூரிய பகவானே நாள் முழுதும் விருந்தாளியாக வீற்றிருக்கும் முற்றத்தில், அவரோடு சிநேகம் பூண்ட செடிகளையே குடிவைக்க வேண்டும். மடகஸ்காரிலே பிறந்து, நம் மணலையே ஜன்மபூமியாக வரித்துக்கொண்ட நித்திய கல்யாணிக்கு முதல் ஆசனம் அளியுங்கள்; புற்றுநோய்க்குரிய வின்கிறிஸ்டின் என்னும் ஔஷதத்தை உலகுக்கு ஈந்த அந்த எளிய செடி, ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. போகன்விலா, பாலைவன ரோசா, பத்துமணிப்பூ ஆகியவையும் உகந்தவை. அந்தூரியத்தின்மீது ஆசை வையாதீர்கள். அது நிழலுக்கென்றே பிறந்த ஜீவன்.

சாடியைப் பற்றித்தான் விசேஷமாகச் சொல்ல வேண்டும். சுட்ட மண் தன் நுண்ணிய துவாரங்களால் நீரைக் கசியவிட்டு, ஆவியாக்கி, வேர்களைக் குளிர்விப்பது மகத்தான குணமேயாயினும், கடனீரேரியை அண்டிய நம் கிணறுகள் பலவற்றின் நீர் உவராகையால், நீர் போனபின் உப்பு மட்டும் தங்கி, சாடியின் புறத்தே வெண்படலமாகப் படிந்து, உள்ளே வேர்களையும் வாட்டிவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாரியில் சாடிகளைத் திறந்த வெளியில் வைத்து, அடித்துவாரத்தின் வழியே உப்பு கரைந்தோட விடுங்கள். இயன்றமட்டும் மழைநீரைச் சேமித்தும் வையுங்கள். சோளகம் வீசும் மாதங்களுக்கு அகன்ற, கனத்த சாடியே உத்தமம். சிறியது விரைவில் உலர்ந்து, காற்றிலும் சரிந்துவிடும். பாலைவன ரோசாவை மட்டும் மாரியில் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள், விடாமழையில் அதன் பருத்த அடித்தண்டு அழுகிவிடும்.