தூக்கத்தை ஜெயிச்ச மருமகனுக்கு

வாங்க மருமகப்பிள்ளை, உக்காருங்க. ராத்திரி மூணு மணி வரைக்கும் கம்ப்யூட்டர், விடிஞ்சா மறுபடி கம்ப்யூட்டர். ‘தூக்கத்தை ஜெயிச்சுட்டேன் மாமா’ன்னு நேத்து கல்யாண வீட்டுல நீங்க மார் தட்டினதை ஊரே கேட்டுச்சு. பந்தியில சாம்பார் வாளி வந்து சேருறதுக்குள்ள உங்க கண்ணு சொருகினதை மட்டும் யாரும் பாக்கலை. நான் பாத்தேன். வெளிய மூச்சு விடலை, உங்க அத்தைகிட்ட மட்டும்தான் சொன்னேன்.

டாக்டருக்குப் படிக்கிற உங்க கொழுந்தியா லீவுக்கு வந்தப்ப ஒரு கதை சொன்னா. உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்.

அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இருக்குல்ல, அங்க 1970கள்ல இருந்து தூங்கி விழுற நாய்களாத் தேடிப்பிடிச்சு வளத்தாங்க. நார்கோலெப்சின்னு வியாதி. 1986ல பிரான்ஸ்ல இருந்து எம்மானுவேல் மினியோன்னு ஒரு டாக்டர் அங்க போய்ச் சேந்தாரு. நாய்க்கு அவங்க வச்ச பரீட்சையைக் கேளுங்க. தரையில தீனியை வரிசையா வைப்பாங்க. நல்ல நாய் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள நக்கித் தீத்துரும். சீக்கு நாய்க்கு, சோத்தைக் கண்ட சந்தோஷத்துலயே பின்னங்கால் மடங்கும். சில நேரம் மொத்தமாச் சாஞ்சிரும். நினைவு இருக்கும், உடம்புதான் சொன்னபடி கேக்காது. எத்தனை தடவை சாயுதுன்னு எண்ணி எழுதிக்கிட்டாங்க. இதே வேலையை நம்ம ஊர்ல ஒருத்தன் பாத்தா அவனுக்குப் பொண்ணு கொடுப்போமா?

டாபர்மேன், லாப்ரடார் குடும்பங்கள்ல இந்தச் சீக்கு தாய் தகப்பன் வழியா வருது. எந்த மரபணுன்னு தேடி மினியோ பத்து வருஷம் அலைஞ்சாரு. 1999ல பிடிச்சாரு.

அதுக்கு முந்தின வருஷம் டெக்சஸ்ல மசாஷி யானகிசாவான்னு ஒரு ஜப்பான்காரர் மூளையில ஒரு சரக்கைக் கண்டுபிடிச்சிருந்தாரு. அதை எலி மூளையில விட்டா எலி கூடத் திங்குது. சரி, பசிச் சரக்குன்னு முடிவுகட்டி ஓரெக்சின்னு பேரு வச்சாச்சு. பெறகு அந்தச் சரக்கே ஊறாத எலியை உண்டாக்கி, ராத்திரி இருட்டுல கேமரா வச்சுப் பாத்தா, ஓடுற எலி திடீர்னு சாயுது! பசியைத் தேடிப் போனவரு முழிப்பைப் பிடிச்சிட்டு வந்தாரு.

ஹைப்போதலாமஸ்னு மூளைக்கு அடியில ஒரு இடம். அங்க சில பத்தாயிரம் செல்லுதான் இந்த ஓரெக்சினை ஊற வைக்குது. மூளையில மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்லு, கணக்குப் போட்டுக்கோங்க. களத்து மேட்டுக் காவக்காரன் மாதிரி அது தடியைத் தட்டித் தட்டி, மத்த செல்லுகளைக் கண்ணசர விடாமப் பாத்துக்கிடும். மினியோவோட நாய்களுக்குக் காவக்காரன் சரி, சத்தம் கேக்குற காதுதான் பழுது. சீக்குள்ள மனுஷங்களுக்குக் காவக்காரனையே காணோம். இந்தச் சீக்கு இருந்து செத்தவங்க மூளையை 2000ல ஆராய்ஞ்சு பாத்தா நூத்துக்கு 85, 95ன்னு அந்தச் செல்லு போயிருச்சு. நாம விழுந்து விழுந்து சிரிக்கிறோம்னு சும்மா சொல்லுவோம். அந்தப் பாவப்பட்ட சனம் நெசமாவே சிரிச்சதும் முட்டி மடங்கி விழுது. அவங்களைப் போயி சோம்பேறின்னு எத்தனை காலம் ஏசியிருப்பாங்க!

மினியோவுக்கு நாய்ப் பாசம் விடலை. அதே சீக்குள்ள கரடின்னு ஒரு நாயை வீட்டுலயே வளத்தாரு. எனக்கு அந்த மனுஷனைப் பிடிச்சுப்போனது அதுலதான்.

இப்பச் சொல்லுங்க, முழிச்சிருந்தது நீங்களா, அந்தக் காவக்காரனா? அவன் தடி தட்டுறான், நீங்க வாட்ஸப்புல ஸ்டேட்டஸ் போடுறீங்க. ஓரெக்சின் வேலையைத் தடுத்துத் தூங்க வைக்கிற மாத்திரைக்கு 2014லயே அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாச்சு. உங்களுக்கு மாத்திரை எதுக்கு? சாம்பார் வாளியே போதும்.

உள்ள பாய் விரிச்சிருக்கு, போய்ப் படுங்க. உங்க அத்தை வந்து கேட்டா, மாப்பிள்ளை தூங்குதாருன்னு சொல்ல மாட்டேன். ஓரெக்சினுக்கு ரெஸ்ட் கொடுத்திருக்காருன்னு சொல்லுதேன். குறட்டைக்கு மட்டும் நீங்களே ஒரு இங்கிலீஷ் பேரு பாத்து வச்சுக்கோங்க.